முன்சீட்டுக்கு ஒரு ஆள்

அரபு நகரமான அம்மானில் பயாதர் பட்டறைத் தெருவுக்குப் போய் ராகிப் என்று விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். அபூ கீஸ் என்று கேளுங்கள், டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன்கூட நின்று வழி காட்டிவிட்டுப் போவான். ஆண்பிள்ளை என்றால் அவனுடைய மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாருக்கு அப்பன் என்று கூப்பிடுகிற ஊர் இது. ராகிப்புக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஐம்பத்தேழு வயது மனிதரை வெறும் பேர் சொல்லிக் கூப்பிடவும் யாருக்கும் நாக்கு வரவில்லை. அதனால் அவரிடம் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்து, அதைப் பிடித்துக்கொண்டார்கள். கீஸ் என்றால் மூட்டை. மூட்டைக்கு அப்பன்.

கிண்டல்தான். ஆனால் மூட்டை நிஜம். முப்பத்தைந்து கிலோ மணல் கட்டிய மூட்டைகள் இரண்டு, பட்டறைக் கதவுக்குப் பின்னால் எப்போதும் சாய்ந்து கிடக்கும். அவை எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் அவர் தொழிலைச் சொல்ல வேண்டும்.

ராகிப் கார் எலக்ட்ரீசியன். அதிலும் ஏர்பேக் விளக்கு என்றால் அந்தத் தெருவில் அவர்தான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு குட்டி மனிதன், வயிற்றில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானே, அந்த விளக்கு எரிந்தால் மற்ற எலக்ட்ரீசியன்கள் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். தப்பான வயரில் மீட்டரை வைத்தால் மூஞ்சியிலேயே வெடிக்கும் என்கிற பயம். பயம் நியாயமானதுதான். ராகிப் பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருவார். உள்ளே தேங்கியிருக்கிற மின்சாரம் வடிய வேண்டும். எந்த அவசரக்காரன் வந்து கத்தினாலும் பத்து நிமிடம் பத்து நிமிடம்தான். மரமியா இலை போட்ட டீயை உறிஞ்சிக்கொண்டு பக்கத்துக் கடையின் மூடிய ஷட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளில் அப்படி நான்கைந்து தடவை உட்காருவது உண்டு. பேச ஆள் கிடையாது.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் மெத்தைக்கு உள்ளே மெல்லிசாக ஒரு விரிப்பு இருக்கும். அதுதான் சென்சார். மேலே ஆள் உட்கார்ந்தால் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஆள் இல்லை என்று அது சொன்னால் அந்தப் பக்கத்து ஏர்பேக் வெடிக்காது. இடித்த வண்டியில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியில் போய் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். இந்தச் சுற்றைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார, ஒருவர் ஸ்கேனரைப் பார்க்க. இப்போது உட்காருவது மூட்டை. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தது சித்கி.

சித்கி பக்கத்துக் கடைக்காரர். சீட்டுக்கு உறை தைக்கிறவர். தொண்ணூற்று நாலு கிலோ. இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் அடங்கி உட்காரத் தெரியாத மனிதர். ராகிப் கூப்பிட்டால் வாயில் நூலோடு வந்து சீட்டில் தொப்பென்று விழுந்து, திரும்புவார், சாய்வார், காலைத் தூக்கி மேலே போடுவார்.

"ஏம்ப்பா ராகிப், உன் கம்ப்யூட்டர் என்னை ஆளுன்னு ஒத்துக்குதா?"

"ஆளுன்னு சொல்லுது. மனுஷன்னு சொல்லல."

தினமும் இதே கேள்வி, இதே பதில். இரண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார்கள். பெண்டாட்டி பிள்ளை உள்ளவர் சித்கி, சாயங்காலமானால் வீடு இருக்கிறது. ராகிப்புக்கு அந்தச் சிரிப்புதான் வீடு. இதை அவரிடம் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார், நான் சொல்கிறேன்.

வேலையிலும் ஒரு பங்கீடு இருந்தது. சீட்டின் அடியில் வயர் ஓடுகிறது என்பதால் வண்டியிலிருந்து சீட்டைக் கழற்றுவதும் திரும்பப் பூட்டுவதும் ராகிப். உறை தைத்து, கம்பி வளையம் போட்டு மெத்தையோடு இறுக்குவது சித்கி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மிஸ் ஹைஃபா என்கிற கணக்கு டீச்சர் தன் காருக்கு உறை போட்டுக்கொண்டு போனார். பத்து நாளில் ஏர்பேக் விளக்கு எரிகிறது என்று திரும்பி வந்தார். ராகிப் உறையைப் பிரித்தார். சித்கி போட்ட வளையங்களில் ஒன்று சென்சார் விரிப்பின் ஓரத் துணியைக் குத்திக்கொண்டு நின்றது. அவ்வளவுதான், மனிதருக்குத் தலைக்கேறிவிட்டது. தன் கையெழுத்துப் போட்ட வேலை திரும்பி வந்ததே என்கிற ஆத்திரம். விரிப்பைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தார். ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"சித்கி, இதைப் பாரு. உன் வளையம் குத்தியிருக்கு. கண்ணு தெரியலைன்னா ஊசியைக் கீழ வை. நாளைக்கு ஒருத்தி கண்ணாடியில மோதிச் செத்தா யார் பதில் சொல்றது?"

சித்கி விரிப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையம் நின்ற இடத்தை விரலால் தடவினார். திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ராகிப் புது விரிப்பு போட்டார், விளக்கு அணைந்தது. தான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது. சித்கி அதற்குப் பிறகு சீட்டில் உட்கார வரவில்லை. அவனே வரட்டும் என்று இவர் இருந்தார். எட்டு மாதம், தெருவில் அகப்பட்டவரை உட்காரவைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஒரு காலையில் லாரி வந்து சித்கியின் தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு, நகரத்தின் இன்னொரு கோடியில் இருக்கிற சஹாபுக்குப் போயிற்று. அன்றைக்கும் இவர் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்துதான் இருந்தார். எழுந்து போய் ஒரு கை பிடித்திருக்கலாம். எழவில்லை. அந்த வாரம்தான் மணல் மூட்டை கட்டினார்.

போன மார்ச் மாதம் மிஸ் ஹைஃபாவின் கார் மறுபடி வந்தது. அதே விளக்கு.

ராகிப் ஸ்கேனரைச் செருகினார். முன்சீட்டு சென்சார் சுற்று விட்டு விட்டு அறுகிறது என்று காட்டியது. பழுதை அழித்துவிட்டு மூட்டைகளைத் தூக்கி வைத்தார். விளக்கு எரியவில்லை. விரிப்பை அளந்தார், சுத்தம். கம்ப்யூட்டர் வரைக்கும் வயரை அளந்தார், அதுவும் சுத்தம். பெல்ட்டைப் போட்டு மூட்டைகளைக் கட்டி, தெருவை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். டயர் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"என்ன அபூ கீஸ், பிள்ளைங்களைப் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போறீங்களா?"

"இல்ல, உனக்குப் பொண்ணு பாக்கப் போறோம். பெரியவன்தான் மாப்பிள்ளைத் தோழன்."

வாய் பேசியதே தவிர கண் அந்த விளக்கிலேயே இருந்தது. ஒன்றும் அகப்படாமல் காரைக் கொடுத்தனுப்பினார். மறுநாளே டீச்சர் போனில் கூப்பிட்டார். தொழில் தெரிந்தவரை அங்கே முஅல்லிம் என்பார்கள்.

"நான் தனியா போனா எரியறதில்ல முஅல்லிம். எங்கம்மா ஏறினாத்தான் எரியுது."

"அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, மிஸ்."

டீச்சரின் அம்மா வந்தார். நாயிஃபுக்கு அம்மா என்பதால் உம் நாயிஃப். நல்ல கனமான அம்மாள். மடியில் பூசணி விதைப் பொட்டலம், அதைக் கொறித்தபடியே சீட்டில் ஏறினார். ராகிப் டிரைவர் சீட்டில் ஸ்கேனரோடு உட்கார்ந்தார்.

"சும்மா உட்காருங்க ஹாஜ்ஜா."

"சும்மா உட்காரத்தான் வீடு இருக்கே. ஹைஃபா, பின்னால என் பையை வெச்சியா?"

சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் இடுப்பைத் திருப்பி, ஒரு கையால் சீட்டின் முதுகைப் பிடித்து, பின்சீட்டுக்கு எக்கினார். சீட்டு லேசாகக் கிறீச்சிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"அப்படியே இருங்க," என்றார் ராகிப். "அசையாதீங்க."

"பையைக்கூட எடுக்க விடமாட்டேங்கறே. என்னப்பா நீ."

மணல் மூட்டை எக்காது. பையைத் தேடாது. வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும். பழுது, உயிருள்ள ஆள் திரும்பும்போது மட்டும்தான் வருகிறது. சித்கி இருந்திருந்தால் முதல் நிமிடத்தில் அகப்பட்டிருக்கும் என்று அப்போதே அவர் மனதில் ஓடியது.

பேட்டரியைக் கழற்றினார். பத்து நிமிடம். உம் நாயிஃப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ராகிப் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு சீட்டைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தார். சென்சாரிலிருந்து வருகிற வயரைச் சுற்றியிருந்த டேப்பை அங்குலம் அங்குலமாகப் பிரித்தார். தண்டவாளத்தின் மேல் சீட்டு உட்காருகிற இடத்தில், வயரின் மேல்தோல் கிழியாமல் நசுங்கியிருந்தது. விரலால் மடக்கினால் உள்ளே செம்பு அறுந்து கிடப்பது தெரிந்தது. நிமிர்த்தினால் தொட்டுக்கொள்ளும், திருப்பினால் விலகும்.

அந்த நசுங்கலில் ஒரு அச்சு இருந்தது. வளைந்த ஒரு விளிம்பின் அச்சு. ராகிப் சீட்டை மாட்டுகிற பட்டையை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. சீட்டைப் பூட்டும்போது வயரை ஒதுக்கிவிடாமல் பட்டையை இறுக்கியிருக்கிறார்கள். பூட்டியது யார்? அந்தக் காரில் சீட்டைப் பூட்டியது உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான்.

அப்புறம் எல்லாம் தானாக அவிழ்ந்தது. சித்கியின் வளையம் குத்தியது விரிப்பின் ஓரத்துணியை மட்டும்தான், அதற்குள் ஓடுகிற கோடுகளை அது தொடவே இல்லை. அன்றைக்கு விரிப்பை மாற்றியபோது வயரை இழுத்து நேராகப் போட்டதில் அறுந்த செம்பு தொட்டுக்கொண்டது, விளக்கு அணைந்தது. விரிப்பு மாற்றியதால் சரியானது என்று இவர் மார்தட்டிக்கொண்டார். இரண்டு வருஷம் தொட்டுக்கொண்டிருந்தது இப்போது விலகிவிட்டது.

"என்ன முஅல்லிம், கெடைச்சுதா?" என்றார் டீச்சர்.

"கெடைச்சுது, மிஸ். வண்டி இன்னைக்கு இங்கயே இருக்கட்டும். என் தப்புதான். போன தடவையும் என் தப்புதான்."

அவர்களை டாக்சி ஏற்றி அனுப்பிவிட்டு வயரை வெட்டி ஒட்டினார், டேப் சுற்றினார், சீட்டைப் பூட்டினார். பூட்டும்போது வயரைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே பூட்டினார். பிறகு கையைக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு தன் பழைய பிக்கப்பை எடுத்தார். அந்த வண்டியில் ஏர்பேக்கும் கிடையாது, பக்கத்தில் உட்கார ஆளும் கிடையாது.

சஹாபுக்குப் போகிற வழி முழுக்க இரண்டு கோரிக்கைகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒன்று, மன்னித்துவிடு. இரண்டாவது, பக்கத்துக் கடை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, திரும்பி வந்துவிடு. இரண்டாவதை ஒவ்வொரு தடவையும் பாதியில் விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சித்கியின் புதுக்கடை பெரியது. உள்ளே இரண்டு வாடிக்கையாளர்கள், ஒரு தையல்காரர், வானொலிச் சத்தம். சித்கி கொஞ்சம் இளைத்திருந்தார். ராகிப்பைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது. பிறகு வாசலுக்கு வந்தவரை உட்காரச் சொல்கிற முறைப்படி உட்காரச் சொல்லி, கசப்புக் காபி ஊற்றிக் கொடுத்தார். ராகிப் கோப்பையை வாங்கி, குடிக்காமல் தன் முன்னால் தரையில் வைத்தார்.

கடையில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டால் வந்தவர் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். வீட்டுக்காரர் குடி என்று சொன்னால் கேட்டதைக் கொடுத்துவிட்டார். அதுவரை தொடக் கூடாது.

சித்கி அவசரமாகச் சொன்னார். "எடுத்துக் குடி. அதெல்லாம் பழைய கதை. நான் எப்பவோ மறந்துட்டேன்."

"இரு. நான் இன்னும் கேக்கவே இல்ல." ராகிப் எழுந்து நின்றார். அன்றைக்குச் சொன்னதும் ஆட்கள் முன்னால்தான், இதுவும் ஆட்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும். "டீச்சர் வண்டி திரும்பி வந்துச்சு. உன் வளையம் ஒண்ணும் பண்ணல. சீட்டைப் பூட்டும்போது நான்தான் வயரை நசுக்கியிருக்கேன். தெருவுல நிக்கவெச்சு உன்னைச் சொன்னது பொய். என்னை மன்னிச்சுடு."

சித்கி சிரித்துக் கையை வீசிவிடுவார் என்றுதான் ராகிப் நினைத்தார். திட்டுவார் என்றும் ஒரு பக்கம் எதிர்பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை. மனிதர் பக்கத்தில் இருந்த பஞ்சுப் பொதியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"என் வளையம் இல்லையா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பட்டையை வெச்சு அளந்து பாத்தேன்."

சித்கி தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான் நம்பிட்டேன், ராகிப். நீ கத்தினதுக்கு நான் கோவிச்சுக்கல. கத்தினா கத்திட்டுப் போறான். நான்தான் குத்திட்டேன்னு நெனச்சேன். அன்னைலேர்ந்து சென்சார் இருக்கிற சீட்டை நான் தொடறதே இல்ல. பின்சீட்டுதான் தைக்கிறேன். வளையத்தை எடுத்தாலே கை நடுங்குது." மூலையில் கிடந்த ஒரு முன்சீட்டைக் காட்டினார். "அதை மூணு நாளா வெச்சிருக்கேன். வேற ஆள்கிட்ட அனுப்பணும்."

ராகிப்புக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நண்பன் கோபத்தில் இருக்கிறான் என்று இரண்டு வருஷம் தானும் கோபத்தில் இருந்தார். அங்கே கோபமே இருக்கவில்லை. அங்கே ஒருவன் தன் கையை நம்பாமல் உட்கார்ந்திருந்திருக்கிறான். அழுகை வந்தது. அழுதார் என்றே சொல்லிவிடுகிறேன், கொஞ்ச நேரம்தான்.

சித்கி அதைப் பார்க்காததுபோல் எழுந்து அந்த முன்சீட்டை மேசைக்கு இழுத்து வந்தார். "மீட்டர் வெச்சிருக்கியா?"

பிக்கப்பிலிருந்து மீட்டரை எடுத்து வந்தார் ராகிப். சென்சாரின் முனையில் மாட்டினார். சித்கி உறையைப் போர்த்தி, குறட்டில் ஒரு வளையத்தை வைத்தார். கை நடுங்கத்தான் செய்தது. இறுக்கினார்.

"பாரு."

"மாறல."

இரண்டாவது வளையம். மாறவில்லை. மூன்றாவது. வாடிக்கையாளர்கள் வானொலியை அணைத்துவிட்டு வந்து நின்றார்கள். எட்டாவதில் சித்கியின் வாயில் நூல் ஏறியது, பழைய பழக்கம். பத்தாவதுக்குப் பிறகு நடுக்கம் இல்லை. கீழே கோப்பை ஆறிக்கொண்டிருந்தது. ராகிப் ஒவ்வொரு தடவையும் மாறல, மாறல என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னும் நூறு வளையம் இருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. மொத்தம் இருபத்திரண்டு வளையம்தான்.

கடைசி வளையத்துக்கு சித்கி மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. இறுக்கிவிட்டுக் குறட்டைக் கீழே வைத்தார்.

"இதுவும் மாறியிருக்காது."

"மாறல."

"தெரியும். இனிமே அளக்க ஆள் வேணாம், ராகிப். நானே போட்டுக்குவேன்." கோப்பையைக் காட்டினார். "குடி. நீ கேட்டது ஆச்சு."

ராகிப் குடித்தார். சில்லென்று இருந்தது, அடியில் கசடு. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டாவதையும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வண்டி வரைக்கும் சித்கி கூட வந்தார். கதவைத் திறந்தபிறகு எப்படியோ வெளியே வந்துவிட்டது.

"பக்கத்துக் கடை இன்னும் காலியாத்தான் கெடக்கு."

சித்கி அவர் தோளில் கையை வைத்தார். "இங்க பழகிடுச்சுப்பா." அன்பாகத்தான் சொன்னார். அதனால் மறுபேச்சுப் பேச வழியில்லாமல் போயிற்று.

பயாதர் திரும்பும்போது பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கடைகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மிஸ் ஹைஃபாவின் கார் அப்படியே நின்றது. கடைசிச் சோதனை பாக்கி. ராகிப் பேட்டரியை மாட்டினார், சாவியைப் போட்டார். கதவுக்குப் பின்னால் இருந்த மூட்டைகளைப் பார்த்தார், எடுக்கவில்லை. ஸ்கேனரை எடுத்துக்கொண்டு தானே போய் முன்சீட்டில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

திரும்பினார், சாய்ந்தார். காலைத் தூக்கி மேலே போட்டார். சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் எக்கி, இல்லாத பையைத் தேடினார். விளக்கு எரியவில்லை. வேலை சுத்தம். அதைச் சொல்வதற்காகத் தலையை டிரைவர் பக்கம் திருப்பினார்.

"என் கம்ப்யூட்டர் என்னை ஆளுன்னு ஒத்துக்குதா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மடியில் இருந்த ஸ்கேனரைக் குனிந்து படித்தார்.

"ஆளுன்னு சொல்லுது," என்றார்.